காத்தானும் லோர்ட் சோத்தும்

கடந்த மார்கழியில் ஒரு சனிக்கிழமை. ஒஸ்லோவில் பின்னேரம் மூன்றரைக்கே இருட்டிவிட்டது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி மகனும் அவனது நண்பர்கள் மூவரும் ‘டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ விளையாடிக்கொண்டிருந்தார்கள். மேசை நிறையத் தாள்களும் பல முகப் பகடைகளும். தேத்தண்ணி கொண்டுபோன நேரம், அவர்களை மறித்து நின்றவன் ஒரு ‘டெத் நைட்’: கரிந்த கவசத்துக்குள் எலும்பாய்ப்போன, செத்தும் சாகாத போர்வீரன். அவன் ஏன் அப்படி ஆனான் என்று ஒரு பையன் நோர்வேஜிய மொழியில் கேட்டான். “கெட்டவன், அவ்வளவுதான்” என்றான் என் மகன்.

அவ்வளவுதான் இல்லை என்பது எனக்குத் தெரியும். 2004 இல் முதுகலை படிக்க துரொண்ட்ஹைம் வந்தபோது, விடுதியில் பக்கத்து அறை நோர்வேஜிய மாணவன் அட்டை கிழிந்த நாவல் ஒன்றைத் தந்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க இந்த வீரனோடுதான் கழிந்தது.

டெத் நைட் முதலில் அச்சேறியது 1981 இல், ‘ஃபீன்ட் ஃபோலியோ’ என்ற அரக்கர் தொகுப்பில். அதைக் கற்பனை செய்த சார்ல்ஸ் ஸ்ட்ரோஸ் அப்போது பதின்ம வயது ஆங்கிலேயப் பையன். பின்னாளில் என்னைப் போலவே மென்பொருள் எழுதிப் பிழைத்து, பிறகு பெயர்பெற்ற அறிவியல் புனைகதையாளர் ஆனார். தொகுப்பில் அந்த வீரனுக்கு இருந்தது சில வரிகள்தான். நல்ல வீரனாக இருந்து வீழ்ந்தவன் என்பதே அதன் சாரம். அந்த வீழ்ச்சிக்கு ஒரு முகம் கொடுத்தது, 1984 முதல் வெளிவந்த மார்கரெட் வைஸ், ட்ரேசி ஹிக்மன் இருவரின் ‘ட்ராகன்லான்ஸ்’ உலகம். அங்கே அவன் பெயர் லோர்ட் சோத்.

சோத் ரோஜாச் சின்னம் தரித்த உயர்குல வீரன், டார்கார்ட் கோட்டையின் தலைவன். மணமானவன் எல்ஃப் இனப் பெண் இசோல்ட் மேல் ஆசைப்படுகிறான். முதல் மனைவி இல்லாமல் போகிறாள். அது அவன் செய்த கொலை. குற்றம் வெளிப்பட்டு மரணதண்டனை கிடைக்க, தப்பியோடிக் கோட்டைக்குள் ஒளிகிறான். இசோல்டின் மன்றாட்டுக்கு இரங்கிய தெய்வங்கள் அவனுக்கு ஒரு வாய்ப்புத் தருகின்றன: அகந்தை பிடித்த இஸ்தார் நாட்டு மதத்தலைவனைத் தடுத்து நிறுத்தினால் உலகமும் பிழைக்கும், அவன் பழியும் தீரும். சோத் புறப்படுகிறான். பாதிவழியில் எல்ஃப் பெண்கள் சிலர், உன் மனைவி உனக்குத் துரோகம் செய்கிறாள் என்று காதில் ஓதுகிறார்கள். அவன் திரும்பிவிடுகிறான். ஊழி வருகிறது, கோட்டை எரிகிறது. தீக்குள் நின்ற இசோல்ட் பிள்ளையையாவது காப்பாற்றச் சொல்லிக் கையேந்துகிறாள். அவன் முகத்தைத் திருப்புகிறான். அவள் சாபமிட்டுச் சாகிறாள்.

அதன்பின் அவனுக்குக் கிடைத்த தண்டனைதான் என்னைப் பிடித்து வைத்தது. அவனைக் கெடுத்த அதே எல்ஃப் பெண்கள் பேய்களாகி, இரவிரவாக அவன் கதையை அவனுக்கே பாடுகிறார்கள். அவன் சிம்மாசனத்தில் அசையாமல் இருந்து கேட்கவேண்டும்.

நோர்வேயில் வளரும் பிள்ளைகளுக்குச் செத்தும் சாகாதவர்கள் புதியவர்கள் அல்லர். பழைய நோர்ஸ் மொழியில் அவர்களுக்கு ‘த்ரௌகர்’ என்று பெயர். 14 ஆம் நூற்றாண்டளவில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட கிரெத்திர் சாகாவில் கிளாம் என்றொரு ஆட்டிடையன் வருகிறான். நத்தார் இரவில் செத்து, பிறகு எழுந்து ஊரைக் கலைக்கிறான். கிரெத்திர் அவனை வீழ்த்துகிறான். ஆனால் விழும்போது நிலவொளியில் கண்ணை உருட்டி, உன் பலம் இனி வளராது, என் கண்கள் எப்போதும் உன் முன்னால் நிற்கும் என்று கிளாம் சபிக்கிறான். அதன்பின் அந்த மாவீரன் வாழ்நாள் முழுக்க இருட்டுக்குப் பயந்தவன். வடநோர்வே மீனவரிடம் இதே சொல் ‘த்ரௌக்’ ஆகி, கடலில் மூழ்கி உடல் கரைசேராதவனைக் குறிக்கிறது. அவன் பாதிப் படகில் வருவான்.

உடல் கரைசேராதவன் என்றதும் எனக்குச் சின்ன மாமா ஞாபகம் வருவார். அம்மாவின் கடைசித் தம்பி. 80 களின் நடுவில் ஓர் இயக்கத்துக்குப் போனார். எங்கள் ஊர்ச் சந்தியில் ஒருவரை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டபோது மாமாவும் பக்கத்தில் நின்றார் என்று ஊர் சொன்னது. அடுத்த வருடம் அவரும் செத்துப்போனார். உடல் வரவில்லை. அம்மம்மா அவருடைய படத்தைச் சுவரில் மாட்டவில்லை. அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவரைப் பற்றி யாரும் கதைத்ததில்லை. வெளியே ஆட்களை அழைக்க இரண்டு சொற்களே இருந்தன: வீரன், துரோகி. இரண்டும் அவருக்குப் பொருந்தவில்லை. அந்த மின்கம்பத்தைக் கடக்கும்போது அம்மா என் கையை இறுக்கிப் பிடிப்பது மட்டும் நினைவிருக்கிறது. கிளாமின் கண்கள் என்று பிறகு வாசித்தபோது எனக்கு அந்தப் பிடிதான் விளங்கியது.

சோத்தைப் போல இரவிரவாகக் கதை பாடப்பட்ட ஒருவன் எங்களிடமும் இருக்கிறான். யாழ்ப்பாணத்து அம்மன் கோவில் வீதிகளில் நேர்த்திக்கு ஆடப்படும் காத்தவராயன் கூத்தைப் பார்த்தவர்கள் இதை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். காத்தானும் சாபம் வாங்கியவன். முற்பிறப்பில் ஒரு கன்னிகையை விரட்டிய பழிக்கு, கழுவில் சாகப் பிறக்கிறான். ஆரியமாலையை விரும்புகிறான், வேஷம் போடுகிறான், ஏமாற்றுகிறான், சிறையெடுக்கிறான். கூத்து இதில் ஒன்றையும் மறைப்பதில்லை. பாயில் இருந்த சனம் அவன் களவுகளுக்குச் சிரிக்கும். விடியப்புறம் அவன் கழுவேறும் கட்டத்தில் அதே சனம் அழும். பொழுது விடியும்போது அவன் கும்பிடப்படும் தெய்வம்.

சோத்துக்கும் காத்தானுக்கும் இடையிலுள்ள தூரம் அந்தப் பாயில்தான் இருக்கிறதென்று நினைக்கிறேன். சோத்தின் பாட்டைக் கேட்க அவனைத் தவிர யாரும் இல்லை. அதனால் அது தண்டனையாகவே நீள்கிறது. காத்தானின் பாட்டைக் கேட்க ஒரு ஊர் இருந்தது. அது அவன் செய்ததையும் கேட்டது, அவனுக்குச் செய்யப்பட்டதையும் கேட்டது. கும்பிடுவதற்காக அவன் குற்றத்தை அழிக்கவில்லை. குற்றத்துக்காக அவனைக் கழுவிலேயே விட்டுவிட்டுப் போகவுமில்லை. கம்பத்தில் கட்டப்பட்டவருக்கும் ஒரு தாய் இருந்திருப்பார். அவரையும் சேர்த்துப் பாடாத எந்தப் பாட்டும் மாமாவை விடுவிக்காது என்பதும் எனக்குத் தெரிகிறது.

நண்பர்கள் போனபிறகு மகன் கேட்டான்: “சோத்துக்குக் கடைசியில் என்ன நடந்தது அப்பா?”

2002 இல் வந்த நாவலில் அவனுக்கு முடிவு கிடைக்கிறது. இருளின் தெய்வம் திரும்பவும் தன் படைக்கு அழைக்கும்போது, செய்த பிழையை ஏற்றுக்கொண்டவனாக அவன் மறுத்துவிடுகிறான். அதற்குப் பிறகுதான் அவனால் சாக முடிகிறது. இதைச் சொன்னேன். பிறகு, “உனக்கு ஒரு மாமா தாத்தா இருந்தார், தெரியுமோ?” என்று தொடங்கினேன். மின்கம்பத்தையும் சொன்னேன்.

“அவர் நல்லவரோ, கெட்டவரோ?”

“எனக்கு முழுக்கத் தெரியாது, தம்பி. அப்பம்மாவுக்குத் தெரியும்.”

அடுத்த நாள் ஸ்கார்பரோவில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தோம். மகன்தான் கேட்டான். மறுமுனையில் நெடுநேரம் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்க்கக் கையை நீட்டினேன்.

“அவனுக்குப் பனங்காய்ப் பணியாரம் எண்டால் உயிர்,” என்று அம்மா தொடங்கினார்.