தாழியில் எய்த மீன்

ஆறும் கடலும் கலக்கும் கழிமுகங்களில், அலையாத்தி மரங்களின் வேர்களுக்கிடையே வாழ்கிறது நீர் எய்யும் மீன். நீருக்கு மேலே இலையில் உட்கார்ந்திருக்கும் பூச்சியை வாயால் நீர் பீய்ச்சி வீழ்த்தித் தின்னும். உவர்நீர் மீனை வீட்டில் வைத்துப் பார்த்ததற்கான பழைய சான்றுகளில் ஒன்று இதைப் பற்றியதே.

18ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் வசமிருந்த பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், மருத்துவமனைத் தலைவராக இருந்தவர் ஹோமெல். இந்த மீனின் வித்தை அவர் காதுக்கு எட்டியது. சொன்னவர்கள் நம்பத் தகுந்தவர்கள்தாம். ஆனாலும் கண்ணால் காணாமல் அவர் ஏற்கவில்லை. அகன்ற பெரிய தாழியில் கடல் நீரை நிரப்பி, மீன்களைப் பிடித்து வரச் செய்து அதில் விட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் மாற்றப்பட்டது. மீன்கள் தாழிக்குப் பழகியதும், மெல்லிய குச்சியின் நுனியில் ஈயைப் பொருத்தித் தாழியின் ஓரத்தில் நிறுத்தினார். மீன்கள் குறி தவறாமல் எய்தன. வடிகட்டியும் காற்றுக் குழாயும் இல்லாத காலத்தில், நீரை அடிக்கடி மாற்றியதுதான் அவற்றைப் பிழைக்க வைத்திருக்கும்.

ஹோமெலின் செய்தியை இயற்கையியலாளர் ஷ்லோசர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். 1764இல் அது வெளியானது. குழப்பமும் அங்கேயே தொடங்கியது. ஷ்லோசர் கையில் இருந்த பதப்படுத்திய மீன், பவளப்பாறை இடுக்குகளில் இரை தேடும் நீள்மூக்கு வண்ணத்துப்பூச்சி மீன். குழல் போன்ற அந்த மூக்கைப் பார்த்தால் நீர் எய்வது அதுவே என்று யாருக்கும் தோன்றும். அது எய்வதில்லை. பிறகு ஹோமெல் சரியான மீனை அனுப்பினார். இயற்கையியலாளர் பல்லாஸ் அதை விவரித்தபோதும், நீர் எய்யும் இன்னொரு வகை என்றே அது கொள்ளப்பட்டது. தாழியில் உயிரோடு நீந்திய மீன் சொன்ன உண்மையை, பதப்படுத்திய மீன் மறைத்துவிட்டது. 1816இல் விலங்கியலாளர் குவியே நீர் எய்யும் மீனின் பேரினத்துக்கு 'டாக்சோட்டிஸ்' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் அதற்கு வில்லாளி என்று பொருள்.

எய்வது எந்த மீன், எப்படி என்று நெடுங்காலம் நீடித்த ஐயத்தைத் தீர்க்க மறுபடியும் மீன் தொட்டியே உதவியது. ரஷ்ய மீன் வளர்ப்பாளர் சொலோட்னிட்ஸ்கி, உயிருள்ள மீன்களைக் கவனித்து 1902இல் எழுதினார். சயாமில் மீன்வள ஆலோசகராக இருந்த அமெரிக்கர் ஹியூ ஸ்மித், எய்யும் விதத்தை 1936இல் விளக்கினார். மேலண்ணத்தில் ஒரு பள்ளம். அதன்மேல் நாக்கு அழுந்தினால் பீச்சாங்குழல் ஆகிவிடும். செவுள் மூடிகள் சட்டென்று இறுக, நீர் பாய்கிறது.

வீட்டுத் தொட்டியில் இத்தகைய மீன்கள் பரவுவதற்குத் தடையாக இருந்தது உப்புதான். 1854இல் லண்டனில் இயற்கையியலாளர் காஸ் செயற்கைக் கடல் நீருக்கான கலவையை வெளியிட்டார். இருந்தும் உவர்நீருக்கென்று நெடுநாள் சொல்லப்பட்ட யோசனை, நல்ல தண்ணீரில் சில கரண்டி சமையல் உப்பு என்பதே. அது தவறான வழி. கடல் நீரில் மக்னீசியம், கால்சியம் உப்புகளும் உண்டு. இரும்புச் சட்டமிட்ட பழைய தொட்டிகளோ உப்பு நீரில் துருப்பிடித்தன. சிலிக்கோன் பசையால் ஒட்டிய முழுக் கண்ணாடித் தொட்டிகளும், பொட்டலத்தில் விற்கும் கடல் உப்புக் கலவையும் 1960களிலிருந்து பரவலாகி இந்தச் சிக்கல்களைத் தீர்த்தன.

இன்று இந்த மீனை வளர்ப்பவர்கள் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.005 முதல் 1.010 வரை இருக்குமாறு ஹைட்ரோமீட்டரால் அளந்து உப்புக் கலக்கிறார்கள். எய்வதற்கு வெளி வேண்டுமென்பதால் தொட்டியை விளிம்புவரை நிரப்புவதில்லை. மேலே மூடியும் தேவை. பூச்சியை நோக்கி மீன் துள்ளவும் செய்யும். தொட்டியில் இது குஞ்சு பொரிப்பது அரிது. கடைக்கு வருபவை பெரும்பாலும் கழிமுகங்களில் பிடிக்கப்பட்டவையே.