தனித்தியங்கும் சூரிய மின்னமைப்பு: மலைக்குடிலுக்கான திட்டமிடல்

தனித்தியங்கும் சூரிய மின்னமைப்பு என்பது மின்வாரியக் கம்பி எட்டாத வீட்டுக்கு, பகல் வெயிலில் கிடைக்கும் மின்சாரத்தைப் பேட்டரியில் சேர்த்துவைத்து இரவிலும் மழைநாளிலும் தரும் ஏற்பாடு. சோலார் பேனல், சார்ஜ் கன்ட்ரோலர், பேட்டரி, இன்வெர்ட்டர் ஆகியவை இதன் உறுப்புகள். கம்பி இணைப்புள்ள வீட்டில் கணக்குத் தவறினால் கட்டணம் கூடும். இங்கே விளக்கு அணைந்துவிடும். பேனல் விலையை விசாரிப்பதற்கு முன்பே செலவுக் கணக்கைப் போட வேண்டியது அதனால்தான்.

நீலகிரியில் ஒரு சிறு குடிலை எடுத்துக்கொள்வோம். 9 வாட் எல்இடி விளக்கு ஐந்து, தலா 5 மணி நேரம்: 225 வாட்-அவர். மடிக்கணினி 240, தொலைக்காட்சி 120, தண்ணீர் மோட்டார் அரை மணி நேரம் 250, மிக்ஸி 100, கைபேசியும் மற்ற சில்லறைச் செலவும் 65. மொத்தம் 1,000 வாட்-அவர், அதாவது ஒரு யூனிட். 2,000 வாட் கீசரை அரை மணி நேரம் ஓட்டினால் இதே ஒரு யூனிட் தீர்ந்துபோகும். குளிர்ப் பகுதியில் வெந்நீருக்கு ஆசைப்படுவது இயல்பு. ஆனால் அதை விறகுக்கோ எரிவாயுவுக்கோ கூரைமேல் வைக்கும் சூரிய வெந்நீர்க் கலனுக்கோ விட்டுவிடுவதே சரி. வெப்பம் உண்டாக்கும் எந்தக் கருவியையும் பேட்டரியில் ஓட்டக் கூடாது.

அடுத்தது வெயில் கணக்கு. தமிழ்நாட்டில் ஆண்டுச் சராசரியாக ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 மணி நேர முழு வெயிலுக்கு ஈடான ஒளி கிடைக்கிறது. இந்தச் சராசரியை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். குடில் இருட்டில் கிடப்பது சராசரி மாதத்தில் அல்ல, மோசமான மாதத்தில். அந்த மாதம் எது என்பதும் மலைச்சரிவைப் பொறுத்தது. மேற்கே உள்ள கூடலூரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை மூடிக்கொள்ளும். கிழக்குச் சரிவில் உள்ள குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் சோதனைக் காலம். அந்த நாட்களுக்கு 3 மணி என்று வைத்துக் கணக்கிடலாம். இன்வெர்ட்டர், வயர், பேட்டரி ஆகியவற்றின் இழப்பைச் சேர்த்தால் 1,000 என்பது 1,250 வாட்-அவர் ஆகிறது. சூடு, தூசு ஆகியவற்றால் பேனலின் திறனில் முக்கால் பங்குதான் தேறும் எனக் கொண்டால் சுமார் 560 வாட் பேனல் வேண்டும். சராசரி வெயிலை வைத்துப் போட்டிருந்தால் 330 வாட் என்றுதான் விடை வந்திருக்கும்.

பேனலைத் தெற்கு நோக்கி, இடத்தின் அட்சரேகைக்கு ஒட்டிய சாய்வில், அதாவது இங்கே 11° அளவில், பொருத்துவது வழக்கம். மழைநீர் தூசியைக் கழுவிச் செல்லவும் இந்தச் சாய்வு உதவும். கூடலூரில் இதைவிடச் செங்குத்தாக நிறுத்துவது தவறு; ஜூன், ஜூலையில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். டிசம்பரிலோ அது தெற்கே சுமார் 55° உயரம்தான் ஏறும் என்பதால், தெற்குப் பக்கத்து சில்வர் ஓக் மரத்தின் நிழல் நீளும். பேனலுக்குள் செல்கள் தொடராக இணைந்திருப்பதால் சிறு நிழல்கூட விளைச்சலைப் பெரிதும் குறைத்துவிடும்.

பேட்டரியை வெயிலில்லாத இரண்டு நாளுக்குத் திட்டமிட்டால் 2,500 வாட்-அவர் கையிருப்பு தேவை. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்தால் ஆயுள் குறையும்; ஆகவே 5,000 வாட்-அவர், அதாவது 24 வோல்ட்டில் ஏறத்தாழ 210 ஆம்பியர்-அவர் வாங்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையை 80 விழுக்காடு வரை பயன்படுத்தலாம் என்பதால் சுமார் 3,100 போதும். ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். உறைபனி விழும் ஊட்டியில் அதை வீட்டுக்குள்தான் வைக்க வேண்டும். லெட்-ஆசிட் வகை சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவருவதால் அதற்குக் காற்றோட்டம் வேண்டும்.

12 வோல்ட்டுக்குப் பதில் 24 வோல்ட் எடுத்தால், அதே வயரில் இழப்பு கால்பங்காகிவிடும். மோட்டார் கிளம்பும் நொடியில் இயல்பைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். இன்வெர்ட்டரை அந்த நொடிக்கும் தாங்குவதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேனல் பக்கம் ஓடுவது நேர்மின்னோட்டம். சாதாரண வீட்டு சுவிட்சில் அதைத் துண்டித்தால் தீப்பொறி அணையாமல் நீளும். அதற்கென உள்ள டிசி பிரேக்கரும், பேட்டரி முனையருகே ஃபியூஸும், நல்ல எர்த் இணைப்பும் கட்டாயம். இடி அதிகம் விழும் மலைமேட்டில் மின்னல் தடுப்பானையும் சேர்த்தே செலவுக் கணக்கில் எழுத வேண்டும்.