விழுந்தவனின் வாக்குமூலம்

மலர்க் குழு நண்பர்கள் போன் செய்து, "உன் துறை பற்றி எல்லாருக்கும் புரியற மாதிரி ஒரு கட்டுரை குடுப்பா" என்றார்கள். எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான்: கணிப்பொறி ஏன் விழுந்தது என்று கண்டுபிடிப்பது. அந்தத் தொழிலின் சரித்திரத்தைத்தான் சொல்லப் போகிறேன். நடுவே என் கதையும் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2007 வாக்கில் நம் கல்லூரியில் படித்தவர்களுக்கு லேப் அண்ணனை மறந்திருக்காது. ஏதாவது ஒரு மெஷின் கறுப்புத் திரையில் எண்களைக் கொட்டிவிட்டு உறைந்து நின்றால், நாங்கள் ரீசெட் பட்டனுக்குக் கை நீட்டுவோம். "தொடாதே!" என்று ஓடி வருவார். ஒரு லாங் சைஸ் நோட்டில் திரையில் உள்ளதையெல்லாம் வரி வரியாக எழுதிக்கொண்ட பிறகுதான் பட்டனை அழுத்துவார். நாங்கள் சிரிப்போம். அது எவ்வளவு பெரிய பாடம் என்று எனக்குப் புரியப் பத்து வருடம் ஆயிற்று.

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். சாதாரண புரோகிராம் ஒன்று தப்பு செய்தால் கெர்னல் அதை நிறுத்திவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றும். கெர்னலே தப்பு செய்தால்? அதற்கு மேலே கேட்க ஆள் இல்லை. தன் தப்பைத் தானே பதிவு செய்துவிட்டு விழ வேண்டும். ஆனால் புத்தி கலங்கிய நிலையில் அது எழுதுவதை எப்படி நம்புவது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடியதுதான் அரை நூற்றாண்டுச் சரித்திரம்.

1950களிலும் 60களிலும் இந்தப் பிரச்சினை அவ்வளவு கடுமையாக இல்லை. அப்போதைய நினைவகம் கம்பிகளில் கோத்த பொடிப்பொடிக் காந்த வளையங்கள். ஒரு வளையத்துக்கு ஒரு பிட். மின்சாரம் போனாலும் காந்தம் போகாது. மெஷின் விழுந்தாலும் நினைவு அப்படியே இருக்கும். அதைப் பேப்பரில் அச்சடித்து, பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படிப்பார்கள். அந்த வளையத்துக்கு 'கோர்' என்று பெயர். 'கோர் டம்ப்' என்று இன்றும் நாம் சொல்வது அந்தக் காந்த வளையத்தின் நினைவாகத்தான்!

பிறகு 1970களில் சிலிக்கான் நினைவகம் பரவியது. வேகம் அதிகம், விலை குறைவு. ஆனால் மின்சாரம் போனால் சகலமும் மறந்துபோகும். சாட்சி சொல்ல வேண்டியவருக்கே மறதி நோய் வந்த மாதிரி.

இதற்கிடையே யூனிக்ஸ் பிறந்தது. எம்.ஐ.டி.யும் பெல் லேப்ஸும் ஜெனரல் எலெக்ட்ரிக்கும் சேர்ந்து கட்டிய மல்டிக்ஸ் என்ற பிரம்மாண்டமான சிஸ்டத்திலிருந்து 1969ல் பெல் லேப்ஸ் விலகியது. அங்கிருந்த கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் சின்னதாக யூனிக்ஸை எழுதினார்கள். மல்டிக்ஸில் வேலை செய்த டாம் வான் வ்லெக் பின்னாளில் ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார். 'நான் எழுதுவதில் பாதிக்கு மேல் பிழையிலிருந்து மீள்வதற்கான கோடுதான்' என்று அவர் ரிட்சியிடம் சொன்னாராம். அதற்கு ரிட்சி, 'நாங்கள் அதையெல்லாம் விட்டுவிட்டோம். பிழை வந்தால் பேனிக் என்று ஒரு ரொட்டீன் இருக்கிறது, அதைக் கூப்பிட்டதும் மெஷின் விழும், வராந்தாவில் நின்று ரீபூட் பண்ணு என்று குரல் கொடுக்க வேண்டியதுதான்' என்கிற ரீதியில் பதில் சொன்னாராம்.

கேட்கச் சோம்பேறித்தனம் மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே ஒரு நேர்மை இருக்கிறது. கலங்கிய மனதோடு வேலையைத் தொடர்ந்து டிஸ்க்கில் உள்ள நல்ல தகவலையும் கெடுப்பதைவிட, நின்றுவிடுவது மேல். 1975ல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் அந்த ரொட்டீனைப் பார்த்தால் நாலைந்து வரிதான். கைவசமுள்ளதை டிஸ்க்கில் எழுது, 'பேனிக்' என்று காரணத்தை அச்சடி, பிறகு சும்மா சுற்றிக்கொண்டிரு. அவ்வளவுதான்.

1980களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து பி.எஸ்.டி. யூனிக்ஸ் ஒரு படி மேலே போனது. பேனிக் வந்ததும் நினைவகம் முழுவதையும் டிஸ்க்கின் ஸ்வாப் பகுதியில் கொட்டும். ஏன் சாதாரண ஃபைலாக எழுதக் கூடாது? ஃபைல் சிஸ்டத்தை நடத்துவதும் அதே கலங்கிய கெர்னல்தானே! ஸ்வாப் என்பது ரஃப் நோட்டு. அதில் கிறுக்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. மெஷின் மறுபடி எழுந்ததும் 'சேவ்கோர்' என்ற புரோகிராம் அதை எடுத்து ஃபைலாக்கிவிடும். விண்டோஸ் என்.டி. குடும்பமும் நீலத்திரை காட்டிவிட்டு, பேஜிங் ஃபைலை இதே வேலைக்குத்தான் பயன்படுத்தியது.

1991ல் லினக்ஸ் வந்தது. சின்னத் தப்புக்கு அது 'ஊப்ஸ்' என்று சொல்லி, குற்றவாளி புரோகிராமை மட்டும் கொன்றுவிட்டுத் தொடரப் பார்க்கும். முடியாவிட்டால் பேனிக். திரையில் வருவது வெறும் முகவரி எண்கள். லேப் அண்ணன் மாதிரிதான் உலகம் முழுக்கப் பலர் பேப்பரில் எழுதி, எந்த எண் எந்த ஃபங்ஷன் என்று தனியாகத் தேடினார்கள். 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பிலிருந்துதான் கெர்னலே ஃபங்ஷன் பெயர்களைச் சொல்லக் கற்றுக்கொண்டது.

இருந்தாலும் மூலக் கேள்வி அப்படியே நின்றது. டம்ப்பை எழுதுவதும் விழுந்த கெர்னல்தான். அதன் டிஸ்க் டிரைவரே கெட்டிருந்தால்? இதற்கு 2005ல் லினக்ஸ் 2.6.13ல் ஓர் அழகான பதில் வந்தது: கேடம்ப். எரிக் பீடர்மன் எழுதிய கெக்ஸெக் என்பதன் மேல் கட்டியது. இதை உருவாக்கியவர்களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் இந்தியப் பொறியாளர்களான விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா ஆகியோருக்கு முக்கியப் பங்கு உண்டு என்பது நமக்குப் பெருமை.

யோசனை இதுதான். மெஷின் தொடங்கும்போதே நினைவகத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, அதில் இரண்டாவதாக ஒரு சின்னக் கெர்னலைத் தூங்க வைத்துவிடுவது. முதல் கெர்னல் விழுந்தால், பயாஸ் பக்கமே போகாமல் நேராக இரண்டாவதை எழுப்பும். புதுக் கெர்னல் தன் மூலையில் இருந்துகொண்டு பழைய நினைவகத்தை ஒரு ஃபைல் போலப் பார்த்து, டிஸ்க்கிலோ நெட்வொர்க் வழியாகவோ சேமித்துவிடும். விழுந்தவனையே எழுதச் சொல்லாமல், தெளிந்த மனதுள்ள இன்னொருவனை எழுத வைப்பது!

இனி என் கதை. நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் இரவு இரண்டு மணிக்கு ஒரு சர்வர் உறைந்தது. திரையில் ஏதோ எழுத்துகள். நான் படிக்கவில்லை. ரீசெட் அடித்தேன், ஐந்தே நிமிடத்தில் சர்வீஸ் வந்துவிட்டது. காலையில் பாராட்டு. மத்தியானம் கேள்வி: "ஏன் விழுந்தது?" கையில் ஒன்றுமில்லை. அந்த வாரம்தான் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி டிரைவரில் ஏதோ மாற்றியிருந்தான். நம் கல்லூரி ஜூனியர். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். நானும் "இருக்கலாம்" என்றேன். அவன் கோடைத் தூக்கினார்கள். அவனையும் வேறு டீமுக்கு மாற்றினார்கள்.

இரண்டு மாதம் கழித்து அதே சர்வர் மறுபடி விழுந்தது. இந்தத் தடவை கேடம்ப் போட்டு வைத்திருந்தோம். டம்ப்பைத் திறந்து, யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று வரிசையாகப் பார்த்தேன். கடைசியில் நின்ற ஃபங்ஷன் நான் எழுதியது. விடுவித்துவிட்ட நினைவகத்தை மறுபடி தொட்டிருந்தேன். அதுவும் எங்கே? பிழை வந்தால் மீள்வதற்காக நான் எழுதிய பகுதியில்!

அவனைத் தேடிப் போய்ச் சொன்னேன். "பரவாயில்லண்ணா" என்றான். அன்றைக்கே மீட்டிங்கிலும் சொன்னேன். ஆனால் அந்த இரண்டு மாதத்தை என்னால் அவனுக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

பதிவு இல்லாத இடத்தில் பழி வரும். 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஓர் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன; பல நாடுகளில் விமானங்கள் நின்றன. 20 தகவல்கள் மட்டும் கொடுக்கப்பட்ட இடத்தில் 21வதைப் படிக்கப் போன தப்பு அது. சில வாரங்களிலேயே அவ்வளவு துல்லியமாகக் காரணத்தைச் சொல்ல முடிந்தது. அந்த மெஷின்கள் விழும்போது விட்டுச்சென்ற டம்ப்புகள்தான் தேடலை நேராக அந்த டிரைவருக்கு இட்டுச்சென்றன.

அதே ஆண்டு நவம்பரில் வந்த லினக்ஸ் 6.12ல் ஒரு புது வசதி: பேனிக் செய்தியை க்யூ.ஆர். கோடாகத் திரையில் காட்டும்; போனில் படம் பிடித்தால் போதும். அதைப் பார்த்ததும் எனக்கு லேப் அண்ணனின் லாங் சைஸ் நோட்டுதான் ஞாபகம் வந்தது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, விழாத மெஷினை இதுவரை யாரும் கட்டவில்லை. நீங்களும் விழுவீர்கள், உங்கள் கோடும் விழும். அவசரப்பட்டு ரீசெட் அடிக்காதீர்கள். திரையில் என்ன இருக்கிறது என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதில் உங்கள் பெயரே வந்தாலும் சரி.