குருதியோட்டமும் தமிழ்க் கலைச்சொற்களும்

திருப்பெரும்புதூருக்கு வடகிழக்கே அமைந்த திருநின்றவூரில் இருதயாலீசுவரர் கோயில் உள்ளது. பூசலார் நாயனார் மனத்தினுள்ளே கோயில் எடுத்தார் எனப் பெரியபுராணம் கூறும் வரலாற்றோடு தொடர்புடையது இக்கோயில். சேக்கிழார் காட்டுவது நினைவினால் எழுந்த கோயில். இன்றோ இதயநோய் நீங்க வேண்டுவோரும் அங்கு வருகின்றனர். நினைக்கும் உள்ளமும் துடிக்கும் உறுப்பும் ‘இருதயம்’ என்னும் ஒரு சொல்லுள் அடங்கி நிற்றலே இதற்குக் காரணம் எனலாம். அவ்வுறுப்பின் தொழிலைத் தமிழ் எங்ஙனம் உரைக்கத் தொடங்கிற்று என்பதை ஈண்டுக் காண்போம்.

வில்லியம் ஹார்வி 1628-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் குருதி உடலைச் சுற்றி வருகின்றது என நிறுவினார். அரைமணி நேரத்தில் இதயம் வெளியேற்றும் குருதி, உடலிலுள்ள குருதி முழுவதினும் மிகுதியாகும். ஆதலின் சென்றதே மீள வேண்டும் என்பது அவர் கண்ட முடிபு. அது மீளும் நுண்குழாய்களை 1661-இல் மால்பிகி நுண்ணோக்கியாற் கண்டார். இதயத்தின் வலப்பகுதி குருதியை நுரையீரலுக்கும் இடப்பகுதி உடல் முழுமைக்கும் செலுத்துகின்றது. ஓய்ந்திருக்கும் ஒருவர்க்கு அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டராகும்.

இத்தகைய மருத்துவ அறிவைத் தமிழிற் பரப்பியவருள் தலையாயவர் சாமுவேல் கிறீன். 1847-இல் யாழ்ப்பாணம் அடைந்த இவ்வமெரிக்க மருத்துவர், 1864 முதல் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ‘அங்காதிபாதம்’ 1852-இலும், உடற்றொழில் நூலாகிய ‘மனுஷ சுகரணம்’ 1883-இலும் வெளிவந்தன. மறு ஆண்டு அவர் மறைந்தார்.

இன்று ஈழத்துப் பாடநூல்கள் நாடி, நாளம் என்பனவற்றைத் தமிழகப் பாடநூல்கள் தமனி, சிரை என்கின்றன. ‘தமனி’ ஊதுதற் பொருளுடைய வடமொழி வேரினின்று பிறந்தது. பண்டைக் கிரேக்கருள்ளும் சிலர் அக்குழாய் காற்றைச் சுமப்பதாகக் கருதினர். இறந்த உடலில் அது வெறுமையாய்த் தோன்றுதலே அதற்குக் காரணம். ‘நாடி’யோ மருத்துவர் விரலுணரும் துடிப்பையும் குறிப்பது, துடிக்கும் குழாய்க்கு அது பொருந்துவதே. எனினும் தமிழக மாணவர் ‘நாடி’ என்பதைத் துடிப்பு எனக் கொள்வர். ஈழத்து மாணவரோ குழாய் எனக் கொள்வர். மருத்துவத்தில் இவ்வேறுபாடு சிறிதன்று.

ஆகவே இருநிலத்து வழக்கையும் ஒருங்கே காட்டும் அகராதி வேண்டற்பாலது. அதன்கண் மக்கள் வழக்கும் இடம்பெறல் வேண்டும். ஒரகடத்துத் தொழிற்சாலையிற் பணிபுரிவோர்க்கு இதயத் தமனியின் அடைப்பை விளக்கப் புகும் மருத்துவர்க்கு, ‘மாரடைப்பு’ என்னும் சொல்லே நோயின் காரணத்தில் ஒரு பாதியை உணர்த்திவிடுகின்றது. கலைச்சொல் ஆக்குவோர் முதற்கண் செவிசாய்க்க வேண்டியது இத்தகைய வழக்கிற்கே என்பது எம் துணிபு.