ஈடு கொடுத்த காவல்: தென் தமிழகத்தில் ஊர்க்காவல் மாறிய கதை

காவல் பணியில் பொதுமக்கள் பங்கேற்பைப் பற்றி எழுதுவோர் பலர், 1993-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் உருவான 'காவல் நண்பர்கள் குழு'விலிருந்து கதையைத் தொடங்குகிறார்கள். என் பார்வையில் அது கதையின் கடைசிப் பகுதி. காவல் அரசின் தனிச்சொத்தாகும் முன்பே அது ஊரின் பொறுப்பாக இருந்தது. அந்தப் பொறுப்பின் அச்சாணி ஈடு: களவு போனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லையென்றால் இழப்பைத் தாமே கட்ட வேண்டும்.

சோழ, பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் வரும் 'பாடிகாவல்' என்ற சொல், காவலையும் அதற்காக ஊர் செலுத்திய வரியையும் சேர்த்தே குறிக்கிறது. புதுக்கோட்டை வட்டாரத்தில் ஊரார் இந்த உரிமையைத் தலைவர்களுக்கு விற்றதைச் சொல்லும் கல்வெட்டுகளும் உண்டு. நாயக்கர் காலத்தில் பாளையக்காரர் வாங்கியது தேசகாவல். ஊர்க் காவல்காரர் வாங்கியது தலக்காவல். அறுவடையில் களத்துமேட்டிலேயே காவல்காரரின் பங்கும் அளக்கப்பட்டது. இதைப் பொற்காலமாக வரைவதில் எனக்கு உடன்பாடில்லை. கூலி நின்றால், காவல் காத்த கையே கன்னம் வைக்கும் என்ற அச்சமும் அந்த ஏற்பாட்டுக்குள் இருந்தது.

பாளையக்காரர் போர்கள் 1801-இல் முடிந்ததும் பாளையங்களின் காவல் அதிகாரத்தைக் கும்பினி பறித்தது. ஊரை அப்படியே விட்டுவிடவும் அதற்குத் துணிவில்லை. 1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ஒழுங்குமுறை, ஊர்த் தலைவருக்கும் தலையாரிக்கும் காவல் பணியைச் சட்டப்படி கொடுத்தது. வரி வசூலிலும் விசாரணையிலும் நடந்த சித்திரவதைகளை 1855-இல் விசாரணைக் குழு ஒன்று வெளிக்கொணர்ந்தது. அதன் பிறகு வந்த 1859-ஆம் ஆண்டுச் சட்டம், சம்பளத்துக்கு வேலை செய்யும் போலீஸை நிறுவியது. கான்ஸ்டபிளுக்கு ஈடு கட்டும் கடமை எதுவும் இல்லை.

ஆனாலும் மதுரைப் பக்கம் பழைய காவல் சட்டத்துக்கு வெளியே தொடர்ந்தது. 1906-இல் வெளிவந்த மதுரை மாவட்டக் கையேடு 'துப்புக்கூலி'யை விவரிக்கிறது. உழவுமாடு ஒன்று காணாமல் போகும். உடைமைக்காரர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகமாட்டார். துப்புச் சொல்பவரைத் தேடிப் போவார். பேரம் பெரும்பாலும் மாட்டின் பாதி விலையில் படியும். பணம் கைமாறிய பின் ஆளில்லாத ஓர் இடத்தில் மாடு கட்டிக் கிடக்கும். ஈடு கொடுக்க வேண்டியவரே ஈடு வாங்குபவராக மாறியதையே இது காட்டுகிறது.

இதற்கு எதிர்வினையாக 1896 வாக்கில் திண்டுக்கல் பக்கம் எழுந்ததுதான் 'பண்டு'. இங்கிலீஷ் 'ஃபண்ட்' அப்படியே ஊர்வாயில் பண்டாகிவிட்டது. ஊரார் சிறுதொகை போட்டுப் பொதுநிதி சேர்த்தார்கள். மாடு இழந்தவருக்கு அதிலிருந்து ஈடு கிடைத்தது. துப்புக்கூலி தர வேண்டியதில்லை. அதாவது காவல்காரரின் கடமையை ஊரே ஏற்றுக்கொண்டது. இந்த வரலாற்றில் இதைவிடக் கூர்மையான மக்கள் பங்கேற்பை நான் அறியேன். அதே கையோடு கள்ளர் சமூகத்துக் காவல்காரர்களை ஊரைவிட்டு விரட்டினார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். 'மக்கள்' என்ற சொல்லுக்குள் யார் யார் என்பதை ஊரின் பெரும்பான்மையே முடிவுசெய்தது.

அரசு அந்த முடிவுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. ஒரு காலத்தில் ஊரைக் காத்தவர்களின் வாரிசுகள், ரேகை பதிந்து இரவில் காவலுக்கு உட்பட வேண்டியவர்கள் ஆனார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் போலீஸ் சுட்டதில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

விடுதலைக்குப் பின் 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஊர்க்காவல் படை வந்தது. பெயரில் ஊர் இருந்தாலும் கட்டளை போலீஸுடையது. 1993-இல் மாவட்டக் கண்காணிப்பாளர் பிரதீப் வி. பிலிப் தொடங்கிய காவல் நண்பர்கள் குழு, போலீஸைக் கண்டு அஞ்சும் மக்களை அருகில் கொண்டுவர முயன்றது. அது பிறந்ததும் மறவர் சமூகத்தார் முன்பு காவல் காத்த சீமையில்தான். தொண்டர்கள் ரோந்து போனார்கள், கூட்ட நெரிசலை ஒழுங்குசெய்தார்கள்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் இறந்தபோது, குழுவின் தொண்டர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. குழு அதை மறுத்தது. சி.பி.ஐ. குற்றப்பத்திரிகையில் இடம்பெற்றவர்கள் போலீஸார். அதற்கு முன்பே, ஜூலையில், அரசு குழுவைத் தடைசெய்துவிட்டது. களத்துமேட்டில் நெல் அளந்த ஊராரிடம் காவல்காரரை மாற்றுவதற்கு மரக்கால் இருந்தது. இந்தக் குழுவை உருவாக்கியதும் போலீஸ் அதிகாரி, கலைத்ததும் அரசாணை.