மிளா வேட்டையில் முன்னால் நடந்தவர்

மூணாறு வேட்டைக்கதைகளில் துப்பாக்கிக்குத்தான் பேச்சு அதிகம். எனக்கு அதற்கு நாலடி முன்னால் நடந்த முதுவர் என்ற மலைப் பழங்குடியினர்மேல்தான் ஆர்வம். என் தாத்தா ஒரு சின்னத்துரை பங்களாவில் வேலை பார்த்தவர். அவர் வழியாக வந்த பேச்சும் நானாகக் காட்டில் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

1877-இல் பூஞ்சாறு அரசரிடம் இந்த மலைகளை எழுதி வாங்கிய ஜே.டி.மன்றோவே வேட்டைப் பிரியர். பின்னால் தேயிலையோடு வந்த இளம் துரைமார் பலர் ஸ்காட்லாந்துக்காரர்கள். அங்கே மரமில்லாத மலைச்சரிவில் தொலைநோக்கி வைத்துத் தூரத்திலேயே மானைக் கண்டுபிடித்துவிடலாம். இங்கே வரையாட்டுக்கு அது சரிப்படும், மிளாவுக்குச் சரிப்படாது. மிளா பகலெல்லாம் சோலைக்குள் படுத்துக் கிடந்து, அந்தி சாய்ந்த பிறகுதான் புல்மேட்டுக்கு வரும். சோலை ஓரத்துக் குறிஞ்சிப் புதர் ஆள் உயரம் நிற்கும். மறையூர் தாண்டிச் சின்னாறு பக்கம் இறங்கினால் முள்ளும் உண்ணிச்செடியும் பின்னிக் கிடக்கும்; பத்தடிக்கு மேல் கண் போகாது.

புதிதாக வந்தவர் புதருக்குள் முழு மானைத் தேடுவார். முதுவர் தேடுவது துண்டுகளை: அசையும் ஒரு காது, நெட்டுக்குத்தான தண்டுகளுக்கு நடுவே குறுக்காக ஓடும் முதுகுக் கோடு, புதருக்கு அடியில் தெரியும் கால். விடியலில் பனி உதிர்ந்த புல்தடம் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று பார்ப்பார். புழுக்கையைத் தொட்டுச் சூடு பார்ப்பார். வெயில் ஏறினால் காற்று சரிவில் மேலே போகும், மாலையில் கீழே இறங்கும். அதனால் வெயில் ஏறிய பிறகு மிளாவுக்குக் கீழே நிற்கக் கூடாது. இதை மறந்த துரைக்கு முன்னங்காலைத் தரையில் தட்டும் சத்தமும் ஒரு கூவலும் மட்டுமே கிடைத்திருக்கும். (ஆட்களை விட்டுச் சோலையைக் கலைத்து வெளியே ஓடிவருவதைச் சுடுவதும் உண்டு. அதற்குப் பொறுமை தேவையில்லை. என் கணக்கில் அது வேட்டையே இல்லை.)

பாலக்காட்டுப் பக்கம் பறம்பிக்குளத்திலும் காட்டை அறிந்தவர்கள் காடரும் மலசரும்தான்.

மூணாறுப் பக்கத்து இரவிகுளத்தைக் கண்ணன் தேவன் தேயிலைக் கம்பெனி வேட்டைக்காப்பு நிலமாக வைத்திருந்தது. தோட்ட மேனேஜர்களே வார்டன்கள், முதுவர் காவலர்கள். காட்டை அறிந்தவரை வைத்தே காட்டைக் காத்தார்கள்; வேட்டை மட்டும் துரைக்கு. மிளாவைத் தின்பதால் செந்நாய் எதிரி. கண்ட இடத்தில் சுட்டார்கள். கொம்புக்காகத் தொடங்கிய காவல்தான் இது. ஆனால் அது இல்லாமல் அந்தப் புல்மேடு முழுக்கத் தேயிலையாகியிருக்கும் என்பதையும் நான் மறுக்க மாட்டேன்.

1971-இல் கேரள அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. 1972 வனவுயிர்ச் சட்டத்தோடு துப்பாக்கி ஓய்ந்தது. இரவிகுளம் 1975-இல் சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்காவானது. அந்தச் சட்டம் செந்நாய்க்கும் காவல். இன்று அங்கே மிளாவைத் துரத்த உரிமை அதற்குத்தான்.