உப்புக்காத்துல சி.டி தாங்குமா? உங்க வீட்டுப் பாட்டெல்லாம் போனுக்கு வர ஒரு வழி!

பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் வீடு இருக்கிறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேஸ் அடுப்புன்னு எதையும் உப்புக்காத்து விட்டுவைக்காது. ஷோகேஸ்ல அடுக்கிவெச்ச சி.டி-க்கள் மேலயும் அதே காத்துதான் படுது.

'பாட்டுதான் ஆப்லயே இருக்கே, சி.டி எதுக்கு?'ன்னு கேட்கலாம். ராமநாதபுரத்தில் பிறந்த நாகூர் ஹனிபாவின் ஹிட் பாடல்களை ஆப்பில் தேடிப் பிடிச்சிடலாம். ஆனா, உங்க தெரு மீலாது விழாவில் பதிவான பாட்டு, அக்கா கல்யாணத்து நாகஸ்வரம், சர்ச் திருவிழாவில் ஊர்ப் பசங்க பாடினது... இதெல்லாம் எந்த ஆப்லயும் கிடைக்காது. உங்க வீட்டு சி.டி போனா, அவ்வளவுதான்.

சி.டி ஏன் கெட்டுப்போகுது?

கடையில் வாங்கிய சி.டி-யில் பாட்டைப் படிக்க உதவுவது மெல்லிய அலுமினியப் படலம். அது இருப்பது லேபிள் பக்கம், லேசான வார்னிஷ் பூச்சுக்குக் கீழே. அங்கே கீறல் விழுந்தா ஈரம் உள்ளே போய் அலுமினியத்தை அரிக்கும். அதனால லேபிள் பக்கக் கீறல்தான் ஆபத்து. வீட்டில் 'பர்ன்' பண்ணின சி.டி-யில் இருப்பது சாயம். வெயில், சூடு பட்டா அது மங்கிடும். அதனால முதலில் காப்பி எடுக்க வேண்டியது பர்ன் பண்ணின சி.டி-க்களைத்தான்.

காப்பி எடுப்பது எப்படி?

பழைய லேப்டாப் அல்லது யு.எஸ்.பி டி.வி.டி டிரைவ் ஒண்ணு போதும். மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைங்க, வட்டமாகத் துடைக்காதீங்க. விண்டோஸில் 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' என்ற இலவச மென்பொருளைப் போடுங்க. சந்தேகமான இடத்தை இது திரும்பத் திரும்பப் படிச்சுப் பார்க்கும்.

ஃபைலை எம்.பி.3-யா இல்லாம 'ஃப்ளாக்' வடிவத்தில் சேமியுங்க. எம்.பி.3 ஒலியில் கொஞ்சத்தை வெட்டி எறிஞ்சிடும். ஃப்ளாக் எதையும் இழக்காமல் சுருக்கும். 1 மணி நேர சி.டி சுருக்காம எடுத்தா சுமார் 600 எம்.பி, ஃப்ளாக்கில் ஏறக்குறைய 350 எம்.பி-க்குள் அடங்கும். 300 சி.டி-ன்னாலும் 105 ஜி.பி-தான். 1 டி.பி ஹார்டு டிஸ்க்கே தாராளம். தினம் 5 சி.டி எடுத்தா 2 மாசத்தில் வேலை முடிஞ்சிடும்.

பாடியவர், இடம், வருஷம் எல்லாத்தையும் அப்பவே டைப் பண்ணிடுங்க. 'டிராக் 01'னு விட்டா, பத்து வருஷம் கழிச்சு யார் குரல்னு சொல்ல ஆள் இருக்காது.

வீட்டுக்குள்ளேயே ஒரு பாட்டுப் பெட்டி

* சுலபமான வழி: உங்க வைஃபை ரூட்டரில் யு.எஸ்.பி போர்ட் இருக்கான்னு பாருங்க. இருந்து, அதில் ஃபைல் ஷேரிங் வசதியும் இருந்தா, ஹார்டு டிஸ்க்கைச் சொருகி அதை ஆன் பண்ணுங்க. போனில் வி.எல்.சி ஆப் மூலம் கேட்கலாம்.
* இன்னும் வசதியா வேணுமா? பழைய லேப்டாப் அல்லது ராஸ்ப்பெர்ரி பை-யில் 'நேவிட்ரோம்' என்ற இலவச சர்வரைப் போடுங்க. ஆல்பம், பாடகர் வாரியா அழகா பிரிச்சுக் காட்டும்.
* செலவு பண்ண முடிஞ்சா: ரெண்டு டிஸ்க் போடுற ரெடிமேட் நாஸ் பெட்டி வாங்கலாம்.

எதுவானாலும் கடல் பார்த்த ஜன்னல் ஓரம் வைக்காதீங்க. உள் அறையில், தரையிலிருந்து உயரமா, காத்தோட்டம் இருக்கிற அலமாரியில் வைங்க. சாதாரண ஹார்டு டிஸ்க்கில் காற்று போய்வர சின்னத் துளை இருக்கும். அதை அடைக்கக் கூடாது. எழுதிட்டு இருக்கும்போது கரன்ட் போனா ஃபைல் கெடலாம், சின்ன யு.பி.எஸ் அவசியம். பாஸ்வேர்டை மாத்துங்க, பெட்டியை நேரடியா இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடாதீங்க.

ஒரு காப்பி போதாது பாஸ்!

ரெண்டு டிஸ்க் பெட்டி இருந்தா பாதுகாப்புன்னு பலர் நினைக்கிறாங்க. ஒரு டிஸ்க் பழுதானா இன்னொண்ணு காப்பாத்தும், உண்மைதான். ஆனா, தவறி அழிச்சா ரெண்டிலும் அழியும். வீட்டுக்குள் தண்ணி வந்தா ரெண்டும் சேர்ந்தே போகும். 1964 டிசம்பர் 22 இரவு அடிச்ச புயலில் தனுஷ்கோடியில் ஊரே போனது. ஒரே இடத்தில் இருந்தா எல்லாம் ஒரே நேரத்தில் போகும்ங்கிறது இந்தக் கரைக்குப் புதுசு இல்லை.

அதனால 3-2-1 கணக்கை வெச்சுக்கோங்க. மொத்தம் 3 காப்பி, 2 வகைச் சாதனங்களில், அதில் 1 வேற ஊரில். மதுரையில் இருக்கிற சித்தி வீட்டு பீரோவில் ஒரு ஹார்டு டிஸ்க் போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்னாடி, வருஷா வருஷம் அதைப் புதுப்பிச்சு, நாலு பாட்டைப் போட்டும் பாருங்க. ஓடாத காப்பி, காப்பியே இல்லை.

கடையில் வாங்கின ஆல்பங்களை உங்க சொந்த உபயோகத்துக்கு மட்டும் வெச்சுக்கோங்க, நெட்டில் ஏத்தாதீங்க. காப்பி எடுத்த பிறகும் சி.டி-யைத் தூக்கிப் போடாதீங்க. பெட்டியில் போட்டு, செங்குத்தா நிறுத்தி வைங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் வேலையா, கையெழுத்தில் பேர் எழுதின சி.டி-க்களை மட்டும் தனியா எடுத்து வைங்க. அதுக்குத்தான் வேற பிரதி இல்லை!